பலெர்மோவுக்கு இரண்டு பேர்

எனக்கு வாழ்க்கையில் விழுந்த ஒரேயொரு பரிசு இரண்டு பேருக்கான பரிசு. விழுத்தியவனுக்கு ஆளைத் தெரியவில்லை.

1998ஆம் ஆண்டு வசந்தகாலம். ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கலைமாலை. நான் நாடகம் பார்க்கப் போகவில்லை. கொத்துரொட்டி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் ஒரு பெடியன் அதிர்ஷ்டச் சீட்டை நீட்டினான், அவனை விலத்திக்கொண்டு போகச் சோம்பலாக இருந்ததால் ஒன்று எடுத்தேன். முதல் பரிசு ஒரு பயண முகவர் கொடுத்தது. இத்தாலியில் பலெர்மோ என்ற துறைமுக நகரத்தில் ஒரு கிழமை பாய்ப்படகு வாடகைக்கு, படகோட்டியோடு, போகவர விமானச் சீட்டும் சேர்த்து.

"இரத்தினவேல் தம்பதியினரை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்" என்றார் அறிவிப்பாளர். நான் கையிலிருந்த கொத்துரொட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு ஏறினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மைக் வேலைசெய்துகொண்டுதான் இருந்தது.

"அக்கா எங்கை, வெக்கப்படுறாவோ?"

"அக்கா இன்னும் பிறக்கேல்லை" என்றேன்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நாற்பத்தொன்பது வயதுப் பிரமச்சாரி ஊருக்கு எப்போதும் பகிடிதான், அதனால் நானே முந்திக்கொள்வது வழக்கம். பெரிய மட்டையில் செய்த ரிக்கெற் ஒன்றைக் கையில் தந்தார்கள். அதில் ஓர் ஆணும் பெண்ணும் படகின் விளிம்பில் கிளாஸ்களோடு இருந்தார்கள். காரின் பின்சீற்றில் அந்த இரண்டு பேரையும் இருத்திக்கொண்டு ரெக்ஸ்டேலில் இருக்கும் என் அப்பாட்மென்ருக்கு வந்து சேர்ந்தேன்.

யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. எனக்குச் செல்வரட்ணம் இருந்தான்.

எண்பத்தேழில் நாங்கள் ஐந்து பேர் இந்த அப்பாட்மென்ரை எடுத்தோம். அந்தக் காலத்தில் இப்படியான வீடுகளுக்குப் 'பெடியள் வீடு' என்று பெயர், இருப்பவனுக்கு நாற்பது வயதென்றாலும் பெடியன்தான். ஒவ்வொருவனும் மனைவிக்கு ஸ்பொன்சர் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தான். மனைவி வந்து இறங்கியதும் மிச்சப்பேர் சேர்ந்து அவனுடைய மெத்தையைக் கீழே இறக்கி, புது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவோம். நாலு மெத்தைகளை நான் இறக்கியிருக்கிறேன். கடைசியாக இறக்கியது செல்வத்தின் மெத்தை. தொண்ணூற்று மூன்றில் அவனுடைய மனைவி புனிதவதியும் மகள் நிலாணியும் வந்தார்கள். பிறகு அவர்கள் பிறம்ரனில் வீடு வாங்கிப் போனார்கள்.

ஆறு வருடம் ஒரே அறை. அவன் குறட்டை விடாவிட்டால் எனக்கு நித்திரை வராது என்ற அளவுக்கு வந்துவிட்டிருந்தது. சனிக்கிழமைகளில் நான் இறைச்சி வெட்ட, அவன் வெங்காயம் வெட்ட, ஊர்க் கதை, வேலைக் கதை, ஒன்றுமில்லாத கதை. இப்போது வருடத்துக்கு இரண்டு தரம் பிறந்தநாள் வீடுகளில் சந்திக்கிறோம். "எப்பிடி மச்சான்?" "இருக்கிறன் மச்சான்." அதற்குள் யாராவது கேக் வெட்டக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அடுத்த நாளே ரெலிபோன் எடுத்தேன்.

"மச்சான், செப்ரெம்பரிலை ஒரு கிழமை லீவு போடு. இத்தாலிக்குப் போறம்."

"ஆரின்ரை கலியாணம்?"

"ஒருத்தற்றை கலியாணமும் இல்லை. சும்மா."

"சும்மாவோ?" அவனுக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு. சும்மா ஓரிடத்துக்குப் போகிறவனுக்கு ஏதோ வருத்தம் இருக்க வேண்டும். நான் பரிசைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவன் சிரித்தான், பழைய சிரிப்பு. "வாறன் மச்சான். கட்டாயம் வாறன். நாங்கள் எங்கைதான் போனனாங்கள்?"

உண்மையைச் சொல்கிறேன், ரெலிபோனை வைத்த பிறகு நான் வீட்டுக்குள் இரண்டு தரம் சுற்றி நடந்தேன். எனக்குப் படகில் ஆசையில்லை. கடலிலும் ஆசையில்லை. ஒரு கிழமைக்கு மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து சாப்பிட ஓர் ஆள் கிடைத்துவிட்டான், அதுதான் காரியம். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு பேருக்குச் சாப்பாடு அடுக்கிவிட்டு வந்து, வீட்டில் சட்டியோடு நின்றபடி சாப்பிடுகிறவன் நான். இருந்து சாப்பிட்டால் எதிர்க் கதிரை கண்ணில் படும்.

பயண முகவர் ஒரு வழுவழுப்பான புத்தகம் தந்தார். பலெர்மோவில் படகெடுப்பவர்கள் என்னென்ன செய்யலாம் என்று படத்தோடு போட்டிருந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில் படிக்கலாம் என்று காரை வீட்டில் விட்டுவிட்டுப் போன நாட்களும் உண்டு. படகு நிற்பது பழைய துறைமுகத்தில். காலையில் நடந்துபோய்ச் சந்தையில் மீனும் எலுமிச்சங்காயும் வாங்கிவந்து கொடுத்தால் படகோட்டியே சமைத்துத் தருவான். அந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பாணைப் பிளந்து அதற்குள் ஐஸ்கிறீம் வைத்துத் தின்கிறார்கள். படகுக்குள் சப்பாத்தோடு ஏறக்கூடாது, கோவில் மாதிரி வெறுங்காலோடுதான். இன்னொன்றும் எழுதியிருந்தது: படகில் இடமில்லை, பெரிய சூட்கேஸ் கொண்டுவர வேண்டாம், மடிக்கக்கூடிய சிறிய துணிப்பை போதும்.

அந்த வசனத்தை எழுதியவர் எங்கள் சனத்தைக் கண்டதில்லை.

பலெர்மோவில் தமிழர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நஞ்சமில்லை. ரொறன்ரோவில் இருக்கிற அரைவாசிப் பேருக்கு அங்கே ஒரு தங்கச்சியோ மச்சாளோ இருக்கிறாள் என்பது நான் பரிசு வென்ற பிறகுதான் தெரியவந்தது. முதலில் வந்தவர் அன்புராசா அண்ணை, மிளகாய்த்தூள் பொதியோடு. "தம்பி, அங்கை விக்கிற தூள் உறைக்காதாம். ஐஞ்சு கிலோதான்." அடுத்த சனிக்கிழமை அருள்மலர் அன்ரி, மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். ஒரு முழ நீள மெழுகுதிரியைத் துவாயால் சுற்றி, பிள்ளையைத் தருவதுபோல என் கையில் தந்தா. பலெர்மோ மலையில் ஒரு குகைக்குள் ரொசாலியா என்ற புனிதர் இருக்கிறாவாம், அவவுக்கு முன்னால் கொளுத்த வேண்டுமாம். மருமகளுக்கு ஆறு வருடமாகப் பிள்ளையில்லை.

"மறந்து போடாதை ராசா. வேதக்காரன் இல்லையெண்டு யோசியாதை, அவ எல்லாரையும் பாப்பா."

"படகாலை இறங்கி முதல் வேலை அதுதான் அன்ரி" என்றேன்.

பிறகு சாமத்தியவீட்டு வீடியோ கசெற், ஒடியல் மா, பிள்ளைக்குச் சட்டை, முழங்கால் வலிக்கு எண்ணெய். படகில் செய்யக்கூடியவை என்று புத்தகத்தில் இருந்ததை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு தபால்காரனுடைய வேலை எனக்குச் சேர்ந்துகொண்டிருந்தது. நான் எரிந்து விழுந்திருக்க வேண்டும். என் குணம் அப்படி. ஆனால் எரிந்து விழவில்லை. வந்தவர்கள் எல்லாம் மேலே ஏறி வந்தார்கள். இருந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். பலகாரத் தட்டு ஒன்று வாங்கினேன், கோப்பைகள் போதாமல் அவையும் வாங்கினேன். "ஆரோடை போறியள்?" என்று எல்லோரும் கேட்டார்கள். "செல்வத்தோடை" என்று நான் சொன்ன விதத்தைப் பார்த்து அருள்மலர் அன்ரி, "உனக்கு முகம் தெளிஞ்சிருக்கு" என்றா.

ஓகஸ்ற் மாத முடிவுக்குள் இரண்டு பெயரையும் முகவரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முதல் கிழமை நான் ஒரு கடையில் இரண்டு வைக்கோல் தொப்பி வாங்கினேன். படத்தில் இருந்தவர்கள் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஒன்று என் அளவு, மற்றது கொஞ்சம் பெரிது, செல்வத்துக்குத் தலை பெரிது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் செல்வம் புனிதவதியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் கையில் சாப்பாட்டுப் பாத்திரங்கள். "இடியப்பமும் ஆட்டிறைச்சியும். இறக்கினவுடனை கொண்டு வந்தனாங்கள்" என்றா புனிதவதி. நல்ல சீலை உடுத்தியிருந்தா. மனைவியைக் கூட்டிவந்து முறையாகச் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான் என்று எனக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் செல்வம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே யன்னலடிக்குப் போய்க் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புனிதவதி கதிரையின் நுனியில் இருந்தா. கையைப் பிசைந்தா. பிறகு ஒரே மூச்சில் சொன்னா:

"அண்ணை, உங்களுக்கு என்னெண்டு நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை. கூடப் பிறந்ததுகளும் உப்பிடிச் செய்யாது."

"என்னத்துக்கு?"

"இரண்டு ரிக்கெற்றையும் எங்களுக்கே தந்தது. இவர் வந்து சொல்ல நான் முதல் நம்பேல்லை. உங்களுக்குக் கடல் ஒத்துவராதாம், தலை சுத்துமாம், நீங்களாத்தான் 'புனிதவதியைக் கூட்டிக்கொண்டு போ' எண்டு சொன்னனீங்களாம். நிலாணியை ஏஜாக்ஸிலை தங்கச்சி வீட்டிலை விட ஒழுங்கு செய்திட்டன்."

நான் செல்வத்தைப் பார்த்தேன். அவனுடைய முதுகுதான் தெரிந்தது. கழுத்தின் பின்பக்கம் சிவந்துபோயிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வசனம் போதும். 'ஆர் சொன்னது? நான் சொல்லேல்லை' என்றால் போதும். அவனுடைய மானம் என் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்திருக்கும். அது அவனுக்குத் தேவைதான் என்றும் பட்டது. நான் வாயைத் திறந்தேன்.

புனிதவதி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தா.

"கலியாணங் கட்டி ஒன்றரை வருசத்திலை இவர் வெளிக்கிட்டவர். பிறகு ஆறு வருசம் நான் அங்கை, இவர் இஞ்சை. வந்த நாளிலையிருந்து வேலை, வேலை. அவர் பகல், நான் இரவு. சமையலறையிலை கார்த் திறப்பைக் கைமாத்துறதோடை எங்கடை கதை முடிஞ்சிடும். நாங்கள் இரண்டு பேரும் சும்மா ஓரிடத்துக்குப் போனதே இல்லை அண்ணை. நயாகராவுக்குப் போனதும் ஊரிலையிருந்து வந்த ஆக்களுக்குக் காட்டத்தான்."

அவவுடைய முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு நான் என்ன சொல்லமுடியும்? அவன் என்னோடு இருந்த ஆறு வருடமும் அவவுடையது என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. நான் அவனுடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்த இரவுகளில் இந்தப் பெண் அங்கே பிள்ளையையும் வைத்துக்கொண்டு தனியே கிடந்திருக்கிறா.

"ஓம்" என்றேன். "எனக்குக் கடல் சரிவராது. வள்ளத்தைக் கண்டாலே சத்தி வரும்."

யன்னலடியில் நின்ற முதுகு ஒருமுறை அசைந்தது.

புனிதவதிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கப் போனபோதுதான் சோபாவில் கிடந்த தொப்பிகளைக் கண்டா. "ஐயோ அண்ணை, தொப்பியும் வாங்கி வைச்சிருக்கிறியள்!" என்று என்னுடைய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தா. அளவாக இருந்தது. "எப்பிடி இருக்கு?" என்று செல்வத்தைக் கேட்டா. அவன் திரும்ப வேண்டியதாகிவிட்டது. "வடிவாயிருக்கு" என்றான். அவனுடைய குரல் எங்கேயோ கிணற்றுக்குள் கிடந்தது.

பிறகு நான் செய்ததற்கு எனக்கே காரணம் தெரியாது. அந்த வழுவழுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புனிதவதிக்கு எதிரே இருந்தேன். "முதல் நாள் ஓடித்திரியாதேங்கோ" என்று தொடங்கினேன். "காலமை சந்தைக்குப் போங்கோ. வாள்மீன் தலையை நட்டமா நிமித்தி வைச்சிருப்பாங்கள், பயப்பிடாதேங்கோ. அதிலை இரண்டு துண்டு வாங்கினால் காணும். படகோட்டிக்கு உறைப்பு வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ, அவன் போடுறதே இல்லை. பின்னேரம் மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் படகை விடச்சொல்லுங்கோ. தண்ணி கண்ணாடி போலை இருக்கும், அடியிலை கிடக்கிற கல்லு தெரியும்." உஸ்திகாத் தீவுக்கு எந்த நாள் போவது, செபாலுவில் தேவாலயம் பார்த்துவிட்டு எங்கே இருந்து கோப்பி குடிப்பது, பாணுக்குள் ஐஸ்கிறீமை எப்படி ஒழுகாமல் கடிப்பது எல்லாம் சொன்னேன். கதை நன்றாகத்தான் வந்தது. எனக்கும் அதில் ஒரு சந்தோசம் இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோசம்.

"நீங்கள் அங்கை போயிருக்கிறியளோ அண்ணை?"

"வேலையிடத்திலை ஒரு இத்தாலிக்காரன் இருக்கிறான். அவன் சொன்னது."

அப்படி ஒருவனும் இல்லை.

இடியப்பத்தை மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம். எதிர்க் கதிரையில் செல்வம். கறியில் கை வைத்தான், வாயில் வைக்கவில்லை. அவர்கள் வெளிக்கிட்டபோது பொதிகளையும் கொண்டுபோகச் சொன்னேன். மிளகாய்த்தூள், எண்ணெய், கசெற், சட்டை. மெழுகுதிரியைப் புனிதவதியின் கையிலேயே கொடுத்து, மலைக்குகையைப் பற்றிச் சொன்னேன். பொதிகளை இறக்க இரண்டு தரம் லிஃப்ற் தேவைப்பட்டது. முதல் தரம் புனிதவதி போனா. செல்வமும் நானும் லிஃப்ற் வாசலில் நின்றோம்.

"மச்சான்" என்றான். கண் நிலத்தில். "நான் உன்னோடை வாறதெண்டுதான் சொல்ல வெளிக்கிட்டனான். இரண்டு பேருக்குப் படகிலை ஒரு கிழமையாம் எண்டு தொடங்கினன். அவள் கையிலை இருந்த சட்டியை வைச்சிட்டு 'எங்களுக்கோ?' எண்டு கேட்டாள். அந்த முகத்தைப் பாத்திட்டு... ஓம் எண்டிட்டன். பிறகு உனக்கு ரெலிபோன் எடுக்கிறதும் வைக்கிறதுமா மூண்டு மாதம் போயிட்டுது."

"என்னட்டை வந்து கேட்டிருக்கலாமேடா."

"கேட்டிருந்தால் தந்திருப்பாய். அதுதான் கேக்க ஏலாமல் இருந்தது."

ஏசுவதற்கு எத்தனையோ சொற்கள் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் உதவவில்லை. லிஃப்ற் திரும்பி வந்தது. மிச்சப் பொதிகளை உள்ளே தள்ளினோம். அவன் என் தோளைப் பிடித்தான். அழுத்திப் பிடித்தான். "வந்தவுடனை ஒரு சனிக்கிழமை வாறன் மச்சான். முந்தி மாதிரிச் சமைப்பம்."

"வா" என்றேன். அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இனிமேல் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும், அதனால் வருடத்துக்கு இரண்டு தரம் பிறந்தநாள் வீடுகளில் சந்திப்பதுகூட இனி இருக்காது. பரிசு போனது எனக்குப் பெரிதில்லை. நான் வைத்திருந்த ஒரேயொரு சிநேகிதனும் அந்த லிஃப்ற்றில் பொதிகளோடு இறங்கிப் போனான்.

உள்ளே வந்தேன். பொதிகள் அடுக்கியிருந்த மூலை வெறுமையாக இருந்தது. கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது.

"இரத்தினவேல் அண்ணையோ? என்னைத் தெரியாது உங்களுக்கு. பேர் ஜெயரட்ணம், மிசிசாகாவிலை இருக்கிறன். நீங்கள் பலெர்மோ போறியள் எண்டு அன்புராசா அண்ணை சொன்னவர். என்ரை தங்கச்சி அங்கை. ஒரு சின்னப் பொதி..."

'நான் போகேல்லை, போறது செல்வரட்ணம், நம்பரைத் தாறன் எழுதுங்கோ' என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் அவர் நன்றி சொல்லி வைத்துவிடுவார். இனி வருகிறவர்கள் எல்லாரும் பிறம்ரனுக்குப் போவார்கள். இந்த வீட்டு மணியை அடிக்க ஒருவருக்கும் ஒரு காரணமும் இருக்காது. நான் போவதாகச் சொன்னால் செப்ரெம்பரில் அந்தக் கிழமை முழுக்க லைற்றைப் போடாமல், ரெலிபோனை எடுக்காமல், என் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டிவரும். பொதியைப் பிறகு செல்வத்திடம் சேர்ப்பிக்கவும் வேண்டும். அதெல்லாம் எனக்கு விளங்கியது.

"ஓம், போறன்" என்றேன். "சனிக்கிழமை கொண்டு வாங்கோ."

"பெரிய உதவி அண்ணை. கீழை வந்து போன் எடுக்கிறன், இறங்கி வந்தால் காரிலையிருந்தே தந்திட்டுப் போயிடுவன். உங்களுக்கு ஏன் கரைச்சல்?"

"ஒரு கரைச்சலும் இல்லை. மேலை வாங்கோ."

"சரி அண்ணை." கொஞ்சம் தயங்கினார். "தனியவோ போறியள்?"

"சீச்சீ. நாங்கள் இரண்டு பேர்" என்றேன். "உங்கடை வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."